சிகாகோ வேகக் கேமரா அபராதம்: கூட வேலை பார்ப்பவருக்காக அலைந்ததில் கண்டது

சிகாகோவில் பள்ளிகளுக்கும் பூங்காக்களுக்கும் எட்டில் ஒரு மைல் தூரத்துக்குள் 2013 முதல் வேகக் கேமராக்கள் இருக்கின்றன. 2021 மார்ச்சிலிருந்து வேக வரம்பை மணிக்கு 6 மைல் தாண்டினாலே 35 டாலர் அபராதம், 11 மைல் தாண்டினால் 100 டாலர். காலத்தில் கட்டாவிட்டால் இரண்டு மடங்கு. எனக்கும் ஒருமுறை நோட்டீஸ் வந்தது. போனிலேயே கட்டிவிட்டு மறந்துவிட்டேன்.

என்னோடு மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணிக்கு அது அப்படி முடியவில்லை. நகரின் தெற்குக் கோடியில் இருப்பவர், கறுப்பினத்தவர், பேரப்பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறார். ஒருநாள் உணவு இடைவேளையில் ஒரு கட்டு நோட்டீஸை என்னிடம் நீட்டி, "பேபி, இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லேன்" என்றார். சில ஏற்கெனவே இரட்டிப்பாகியிருந்தன. இனி எதிர்த்துக் கேட்க முடியாதபடி இறுதி முடிவான அபராதச் சீட்டு, அதாவது டிக்கெட், மூன்று கட்டாமல் நின்றாலே கார் சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டுவிடலாம். அவருக்குக் கார் இல்லாவிட்டால் வேலையே இல்லை.

முதலில் ஒவ்வொரு நோட்டீஸின் எண்ணையும் வண்டி நம்பரையும் போட்டு இணையத்தில் வீடியோ பார்த்தோம். இதை யாரும் விட்டுவிடாதீர்கள். பார்த்ததில் ஒரு டிக்கெட், அவருடைய கார் திருடுபோயிருந்த வாரத்தில் விழுந்தது என்று தெரிந்தது. போலீஸ் புகார் நகல் அவரிடம் பத்திரமாக இருந்தது. இறுதி முடிவாகாமல் இருந்த டிக்கெட்டுகளுக்கு மட்டும் ஹியரிங், அதாவது விசாரணை, கேட்டு எழுதினோம்.

ஹியரிங்கில் கார் திருடுபோன வாரத்து டிக்கெட் உடனே தள்ளுபடியானது. மற்றவற்றுக்கு அவர் சொன்னது இதுதான்: அந்தச் சாலை நான்கு வழி, அகலமானது, ஓரத்தில் கடையும் இல்லை, நடக்க ஆளும் இல்லை, முப்பதில் ஓட்டினால் பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கிறான். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். ஆனால் கார் திருடுபோனது, முன்பே விற்றது, நம்பர் பிளேட் சரியாகத் தெரியவில்லை என்பது போன்ற சில காரணங்களைத்தான் அங்கே எடுத்துக்கொள்வார்கள். சாலையின் அமைப்பே வேகத்தை இழுக்கிறது என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

எனக்கு அந்த இடத்தில்தான் கோபம் வந்தது. அவர் சொன்னது வெறும் சாக்கு இல்லை. 2022 ஜனவரியில் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் 2015 முதல் 2019 வரையிலான கேமரா டிக்கெட்டுகளை ஆராய்ந்து வெளியிட்டது. கறுப்பின, லத்தீன் மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் ஒரு வீட்டுக்கு விழுந்த டிக்கெட், வெள்ளையர் பகுதிகளைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கேமரா முகத்தைப் பார்ப்பதில்லை, நம்பர் பிளேட்டைத்தான் பார்க்கிறது. ஆனால் அது நிற்கும் சாலை எல்லா இடத்திலும் ஒன்றா? நான் இருக்கும் வடக்குப் பகுதியில் தெரு குறுகல், இரு பக்கமும் வண்டிகள் நிற்கும், முக்குக்கு முக்கு ஆட்கள். வேகமாகப் போக நினைத்தாலும் முடியாது. தெற்கிலும் மேற்கிலும் பல காலமாக முதலீடே இல்லாமல் விடப்பட்ட பகுதிகளில், நெடுஞ்சாலை போன்ற சாலைகள் கிடக்கின்றன. அவற்றைச் சரிசெய்யாமல் அபராதச் சீட்டு மட்டும் அனுப்புவது நியாயமே இல்லை.

கேமராவை எடுத்துவிடு என்று நான் சொல்லவில்லை. வேக விபத்தில் சிக்கியவர்களை மருத்துவமனையில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அதில் கறுப்பினப் பிள்ளைகளும் நிறைய. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாக ஆய்வாளர்களும் கேமராக்களால் மொத்தத்தில் காயம் தரும் விபத்துகள் குறைகின்றன என்றுதான் கண்டார்கள். ஆனால் நிறைய டிக்கெட் விழும் கேமராதான் நிறைய விபத்தைத் தடுக்கிறது என்று இல்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அப்படியானால் பலன் தராத இடத்தில் அது எதற்கு?

சரி, அப்புறம் என்ன செய்தோம்? டிக்கெட் கடனைக் குறைக்க நகர நிர்வாகம் 2022-ல் தொடங்கிய கிளியர் பாத் நிவாரணத் திட்டத்துக்கு விண்ணப்பித்தோம். குடும்ப வருமானம் மத்திய அரசின் வறுமைக்கோட்டைப் போல மூன்று மடங்குக்குள் இருந்தால் சேரலாம். தாமத அபராதங்களைக் கழித்துவிடுகிறார்கள். கடந்த மூன்று ஆண்டு டிக்கெட்டுகளின் அசல் தொகையைக் கட்டி முடித்தால் அதற்கு முந்தைய பாக்கியும் போய்விடும். சேர்ந்த பிறகு குறிப்பிட்ட காலத்துக்குள் வரும் புது டிக்கெட்டுக்குப் பாதித் தொகைதான். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றுவதுதான் பெரிய வேலை. இரவுப் பணி முடித்துவிட்டு, கணினி இல்லாத வீட்டில் ஒருவர் தனியாக இதைச் செய்வது கடினம். தகுதியுள்ளவர்களை அரசே தேடிச் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அவருடைய விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். இப்போது தவணையாகக் கட்டிவருகிறார். அந்தச் சாலையில் நடுத்திட்டும், பாதசாரிகள் கடக்கும்போது நடுவில் நிற்க ஒரு மேடையும் கேட்டு, அவர் வார்டு கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறார். அதில் நானும் கையெழுத்துப் போட்டேன். சிகாகோவில் இருக்கும் தமிழர்கள், கூட வேலை பார்ப்பவர்களிடம் இந்தத் திட்டத்தைப் பற்றி ஒருமுறை சொல்லிவையுங்கள். விண்ணப்பம் நிரப்ப ஆள் வேண்டுமென்றால் நான் உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.