கரண்ட் போனால் பஞ்சு, வந்தால் தண்ணீர்

2023 ஜூலை. ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். குளிர்காலத்தில் மழை எட்டிப் பார்க்காது. உதடு வெடித்துக் கசியும். அங்கே லெனேசியா பகுதியில் எங்கள் வீட்டின் முன்னறையில் அப்பா வென்டிலேட்டரில். தசைகளை இயக்கும் நரம்புகள் செயலிழக்கும் மோட்டார் நியூரான் நோய், கழுத்தில் டியூப். பேச முடியாது, வேண்டுமென்றால் விரலால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார்.

காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது மூக்கின் வேலை. கழுத்தில் துளை போட்டபின் அந்த வேலையை யாராவது செய்தாக வேண்டும். நுரையீரலுக்குள் போகும் காற்று 37 டிகிரியில், லிட்டருக்கு 44 மில்லிகிராம் நீராவியோடு இருப்பதுதான் இயற்கைக் கணக்கு. எங்கள் வீட்டில் அது ஹியூமிடிஃபையரின் பொறுப்பு: சூட்டுத் தட்டு, மேலே ஸ்டெரைல் தண்ணீர் நிற்கும் சேம்பர். குழாயில் தேங்கும் நீரை அப்பா பக்கம் சாயாமல் வடிக்கவும் கற்றுக்கொண்டோம்.

கற்றுக்கொள்ளாதது லோட்ஷெட்டிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது. வென்டிலேட்டருக்கு பேட்டரி உண்டு, ஹியூமிடிஃபையருக்குக் கிடையாது. "நாலு மணி நேரம்தானே" என்று ஒருநாள் சும்மா விட்டுவிட்டேன். அப்பா தட்டத் தொடங்கினார். சளியை உறிஞ்ச உள்ளே விட்ட சக்ஷன் குழாய் பாதியில் நின்றது. டியூபின் உள்குழாயை உருவினால், உட்புறமெல்லாம் பால் காய்ச்சிய பாத்திரத்தில் அடிப்பிடித்த ஏடு மாதிரி காய்ந்த சளி. வேறு உள்குழாயைப் போட்டபிறகுதான் அப்பாவின் நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்கியது. என் கை அதற்கப்புறமும் நெடுநேரம் நடுங்கியது.

அன்றிலிருந்து கரண்ட் போனதும் சேம்பரை விலக்கிவிட்டு டியூப் வாயில் ஹெச்எம்இ ஃபில்டர். வெளிவிடும் மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்து அடுத்த மூச்சுக்குக் கொடுக்கும் சின்ன டப்பி அது, எங்களுக்குப் 'பஞ்சு'. கெட்டிச் சளி நிறைய இருக்கும்போது அது தோதுப்படாது என்று சொல்லியிருந்தார்கள், அதனால் நாள் முழுக்க வைப்பதில்லை.

அடுத்த தப்பும் என்னுடையதுதான். இரவு கரண்ட் வந்த வேகத்தில் ஹியூமிடிஃபையரை மாட்டினேன், பஞ்சை எடுக்க மறந்தேன். அது நீராவியில் ஊறி அடைக்க ஆரம்பித்தது. வென்டிலேட்டரின் பிரஷர் அலாரம் கத்தியது. மறுநாள் வந்த நர்ஸ், டர்பன் நகரத்துக்காரர், கொஞ்சம் தமிழ் பேசுவார். "தம்பி, தண்ணி வேணும்னா தண்ணி, பஞ்சு வேணும்னா பஞ்சு. ரெண்டும் ஒண்ணா வேணாம்" என்றார்.

அதை அட்டையில் எழுதி, பிளக் பாயிண்டுக்கு மேலேயே ஒட்டினேன். இப்போதெல்லாம் விளக்கு எரிந்ததும் அப்பாவே இரண்டு தட்டுத் தட்டுகிறார்: பஞ்சை எடுடா என்று.