சொட்டுநீர் மானியம்: குழாய்க்கு முன்னால் பட்டா

நம் பக்கம் சொட்டுநீர் மானியம் கைநழுவிப் போவதற்குப் பெரும்பாலும் தண்ணீர் காரணமில்லை, பட்டாதான் காரணம். சாக்கோட்டை, கல்லல், திருமயம் என்று எந்த வட்டாரத்தை எடுத்தாலும் தோட்டம் ஐயா பெயரில் இருக்கும். அல்லது கூட்டுப் பட்டாவில் பத்துப் பங்காளிகள் இருப்பார்கள். பாதிப் பேர் சென்னையில், ஒருவர் பினாங்கில்.

சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்க்கு 75 சதவீதம் மானியம். குறு என்றால் இரண்டரை ஏக்கர் வரை, சிறு என்றால் ஐந்து ஏக்கர் வரை. கூட்டுப் பட்டாவின் மொத்தப் பரப்பைப் பார்த்தால் ஐந்து ஏக்கரைத் தாண்டிவிடும். உங்கள் பங்கு ஒன்றரை ஏக்கர்தான் என்று காட்ட முடியாவிட்டால் வட்டாட்சியர் தரும் சிறு குறு விவசாயி சான்று கிடைக்காது, கால்பங்குச் செலவு உங்கள் தலையில். அதனால் முதல் வேலை வாரிசுச் சான்று, பெயர் மாற்றம், உட்பிரிவு. நில அளவைக்கு மாதக்கணக்கில் ஆகலாம். சித்திரையில் குழாய் வேண்டுமென்றால் ஐப்பசியிலேயே மனுப் போடுங்கள். கிணறு பொதுவென்றால் பங்காளிகளின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், சிறு குறு சான்று, மண் நீர்ப் பரிசோதனை அறிக்கை இவை கையில் இருந்தால் இணையப் பதிவு சுலபம். தென்னைக்கு வேளாண்மைத் துறை, மா, கொய்யா, காய்கறிக்குத் தோட்டக்கலைத் துறை.

பணம் உங்கள் கணக்குக்கு வராது, குழாய் போடும் நிறுவனத்துக்குப் போகும். இதனால்தான் நிறுவனம் தரும் மதிப்பீட்டை வரிவரியாகப் பார்க்கச் சொல்கிறேன். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 தென்னை. வரிசைக் குழாய் சுமார் 540 மீட்டர், மரத்தைச் சுற்றும் வளையம் மரம் ஒன்றுக்கு ஆறு மீட்டர் வீதம் 420. ஆக ஆயிரம் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. தண்ணீரைச் சொட்டவிடும் டிரிப்பர் மரத்துக்கு நாலு வீதம் 280. காகிதத்தில் உள்ளதும் தரையில் கிடப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். லேட்டரல் எனும் வரிசைக் குழாய் மேல் ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 12786 என்ற எண் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

ஆய்வுக் கையெழுத்துக்கு முன் ஓட்டிப் பார்ப்பது கட்டாயம். மணிக்கு எட்டு லிட்டர் விடும் டிரிப்பரின் கீழ் ஒரு பாத்திரம் வையுங்கள். கால் மணியில் இரண்டு லிட்டர் விழ வேண்டும். மோட்டார் பக்கத்து மரத்திலும் கடைசி மரத்திலும் அளந்து பாருங்கள். கடைசியில் ஒன்றரை லிட்டருக்குக் கீழே இறங்கினால், வரிசைகளுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் துணைக் குழாய் சிறிசு, இல்லையேல் வரிசை நீளம் அதிகம். அங்கேயே மாற்றச் சொல்லுங்கள், பிறகு யாரும் வரமாட்டார்கள்.

கண்மாய் ஓரக் கிணற்றில் பாசி வரும், அதற்கு மணல் வடிகட்டி. ஆழ்துளைக் கிணற்றில் மணல் ஏறினால், தண்ணீரைச் சுழற்றி மணலைப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோன். வெறும் வலை வடிகட்டியைக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம், ஒப்புக்கொள்ளாதீர்கள். வடிகட்டியின் இருபக்க அழுத்தமானியில் அரைக் கிலோ (சதுர செ.மீ.க்கு) வித்தியாசம் தெரிந்தால் உடனே கழுவ வேண்டும்.

அதே நிலத்துக்கு ஏழு ஆண்டு கழித்துத்தான் மறு மானியம். வெயில் காலத்தில் கிணறு வற்றி ஓட்டாமல் போட்டிருந்தால் எலியும் அணிலும் தண்ணீர் தேடிக் குழாயைக் கடிக்கும். முனைகளைத் திறந்து அலசிவிட்டு, வளையங்களைச் சுருட்டி ஆளுயரத்தில் மரத்தோடு கட்டி வையுங்கள்.