படுத்துத் தூங்கிய காலை

"படுத்தா மூச்சு முட்டுது டாக்டர். உக்காந்துக்கிட்டேதான் தூங்குறேன்" என்று அந்த அம்மா சொன்னபோது, நான் அவர் கழுத்தைப் பார்க்காமல் கையிலிருந்த ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்பகப் புற்றுநோய், நான்கு வருடச் சிகிச்சை, நுரையீரலைச் சுற்றி நீர், ரத்தசோகை வேறு. மூச்சுத்திணறலுக்குக் காரணம் ஃபைலிலேயே கிடைத்துவிட்டது. நீர் பிரிய ஊசி எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன். இதய மருத்துவத்தில் அப்போது பயிற்சியில் இருந்தேன்.

மாலையில் நர்ஸ் அழைத்தார். பிரஷர் 80க்கு இறங்கியிருந்தது. இந்த முறை கழுத்தைப் பார்த்தேன். நரம்புகள் புடைத்து நின்றன. நாடியைப் பிடித்தால், அவர் மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் விரலுக்கடியில் அது மங்கிப்போனது. காலையில் எடுத்த இசிஜியை மறுபடி விரித்தேன். அலைகள் குட்டையாக, ஒன்றுவிட்டு ஒன்று உயரம் மாறிக் கிடந்தன. எக்கோ எனும் இதய ஸ்கேன் வைத்ததும் திரையில் இதயம் நீருக்குள் ஊஞ்சலாடியது.

இதய உறைக்குள் இயல்பாக 15 முதல் 50 மில்லி நீர்தான் இருக்கும். புற்றுநோய் அந்த உறைக்குப் பரவினால் நீர் கோத்துக்கொள்கிறது. மெல்ல மெல்லச் சேர்ந்தால் உறை விரிந்துகொடுத்து ஒரு லிட்டரைக்கூடத் தாங்கும். மளமளவென்று சேர்ந்தால் 200 மில்லியே இதயத்தை நெரித்துவிடும். நெரிபடும் இதயத்தால் விரிந்து ரத்தத்தை வாங்க முடியாது. அந்த நேரத்தில் நீர் பிரிய ஊசி போட்டால், வந்து சேர்கிற ரத்தமும் குறைந்துபோகும். நான் செய்தது அதைத்தான். இன்றும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

சீனியர் வந்தார். மார்பெலும்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, எக்கோவைப் பார்த்தபடியே நீண்ட ஊசியைச் செலுத்தினார். சிரிஞ்சில் அடர்சிவப்பாக ஏறியது. என் கை நடுங்கியது: இதயத்துக்குள்ளேயே குத்திவிட்டோமோ? அவர் கொஞ்சம் உப்புநீரைக் குமிழ்களோடு செலுத்திக் காட்டினார். குமிழ்கள் இதய அறைக்குள் போகவில்லை, வெளியே உறைக்குள்தான் மின்னின. முதல் 50 மில்லி வெளியே வந்ததுமே பிரஷர் ஏறத் தொடங்கியது. "அப்பாடா" என்றார் அந்த அம்மா. அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று தோன்றியது. மெல்லிய குழாயை உள்ளே விட்டு, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தோம். மொத்தத்தையும் ஒரேயடியாக வடித்தால் இதயம் அதிர்ந்து தளர்ந்துவிடலாம்.

நீரைப் பரிசோதித்ததில் புற்றுநோய்ச் செல்கள் இருந்தன. இல்லையென்று வந்திருந்தாலும் நிம்மதியடைய முடியாது, சில சமயம் செல்கள் சிக்காது. இதயத்திலேயே தோன்றும் கட்டிகள் மிக அரிது; வேறிடத்திலிருந்து பரவி வருபவை அதைவிடப் பல மடங்கு அதிகம். நுரையீரல், மார்பகம், நிணநீர்க் கணுக்கள், மெலனோமா என்னும் தோல் புற்று ஆகியவற்றிலிருந்து வரும். சிறுநீரகப் புற்று, இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் பெருஞ்சிரை வழியாகவே ஏறி வலது மேலறையை எட்டிவிடும். அதை ரத்தக்கட்டி என்று நினைத்துவிட வாய்ப்புண்டு. மருந்து செலுத்தி எடுக்கும் எம்ஆர்ஐ பெரும்பாலும் பிரித்துக் காட்டிவிடும்: கட்டி மருந்தை ஏற்கும், உறைந்த ரத்தம் ஏற்காது.

"ஹார்ட்டுக்கும் பரவிடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சார்" என்று மகன் கதவுக்கு வெளியே கெஞ்சினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. நீர் மறுபடி சேரலாம். சேர்ந்தால் உறையில் சிறு திறப்பு வைக்கலாம், கீமோவை மாற்றலாம், எதுவும் வேண்டாமென்றும் இருக்கலாம். அதையெல்லாம் தீர்மானிக்க வேண்டியவர் அந்த அம்மாதான். மகனையும் அருகில் வைத்துக்கொண்டே சொன்னோம். "எனக்குத் தெரியும்யா" என்று மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னிடம் கேட்டார்: "இனிமே படுக்கலாமா டாக்டர்?"

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் போனபோது தலையணை தட்டையாகக் கிடந்தது. ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாமென்று நர்ஸ் கைகாட்டினார்.