அக்காவும் நானும் பொம்பெய்யும்

14 அக்டோபர் 2025, செவ்வாய் (நேப்பிள்ஸ்)

ஜன்னலைத் திறந்தால் எதிரே வெசுவியஸ் எரிமலை. அக்கா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது இன்னும் உயிரோட இருக்கிற மலைதானே?" என்று கேட்டாள். ஆமாம், கடைசியாக 1944-இல் வெடித்தது என்றேன். அடிவாரம் வரைக்கும் நெருக்கமாக வீடுகள் ஏறிப் போவதைக் காட்டி, "இவங்களுக்கெல்லாம் தூக்கம் வருமா?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. கீழே தெருவில் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

இன்றைக்கே தொல்லியல் அருங்காட்சியகம் போவதாகத் திட்டம். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை வாசலில் போய் நின்றுதான் தெரிந்துகொண்டேன். ஆறு மாதமாகத் திட்டம் போட்டது நான், அக்கா அல்ல. அதனால் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் உறுத்தியது.

வெள்ளிக்கிழமைக்குப் பொம்பெய் டிக்கெட் வாங்கியாகிவிட்டது. வெசுவியஸ் சாம்பலில் புதைந்துபோன பழைய ரோமானிய ஊர் அது. போன நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை. டிக்கெட்டிலும் பெயர் போட்டுத்தான் தருகிறார்கள். அக்காவின் பாஸ்போர்ட்டில் இருக்கும் முழுநீளப் பெயரை அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

15 அக்டோபர், புதன்

அருங்காட்சியகத்தில் முதலில் தேடிப் போனது "பொம்பெய் லட்சுமி"யை. பாலியல் சித்திரங்களைப் பூட்டி வைத்திருந்த "ரகசிய அறை"யில் இந்தப் பொம்மையையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். உடம்பில் துணி கிடையாது, நகை மட்டும்தான். அதனால் அங்கே தள்ளிவிட்டார்கள் போல.

சுமார் ஒரு சாண் உயரம், தந்தத்தில் செதுக்கியது. கழுத்திலும் இடுப்பிலும் காலிலும் நகை நகையாக. இரண்டு பக்கமும் குட்டித் தோழிகள். உச்சந்தலையிலிருந்து ஒரு துளை உள்ளே இறங்குகிறது. 1938-இல் தொல்லியலாளர் அமெதியோ மையூரி பொம்பெய்யில் தோண்டியபோது, கடைத்தெருவை ஒட்டிய ஒரு வீட்டில் கிடைத்தது. வெசுவியஸ் வெடித்தது பொது ஆண்டு 79. ஆக அதற்கு முன்னாலேயே இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்துவிட்டாள்.

அக்கா கேட்டது நான் எதிர்பார்த்த கேள்விதான்: "நம்ம பக்கத்துலேருந்து போனதா?"

எனக்கும் அப்படி ஒரு ஆசை உண்டு. யவனர் கப்பல் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு போனதைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த தலைமுறை நாங்கள். ஆனால் இதே மாதிரி தந்த வேலைப்பாடு கிடைத்திருப்பது மகாராஷ்டிரத்தில், போகர்தன் பக்கம். அடியில் கீறியிருக்கிற எழுத்தோ கரோஷ்டி, வடமேற்கு இந்தியாவில் புழங்கியது. நம் ஊர் என்று சொல்ல இடமே இல்லை. இதில் இன்னொன்று, இவள் லட்சுமியும் அல்ல, யட்சியாக இருக்கலாம் என்பதுதான் இப்போது பலருடைய கருத்து. தலையிலுள்ள துளையைப் பார்த்தால் தனிச் சிலையாகக்கூட இருந்திருக்காது, ஏதோ ஒரு மேஜைச் சாமானின் காலாகவோ கண்ணாடியின் கைப்பிடியாகவோ இருந்திருக்கும். கண்டெடுத்த புதிதில் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

"அப்ப எதுக்கு இன்னும் லட்சுமின்னு சொல்றாங்க?"

"பழகிடுச்சுக்கா."

16 அக்டோபர், வியாழன்

காலையிலிருந்து மழை. வெளியே போகவில்லை. நாளைக்குப் போகிற இடத்தைப் பற்றி அக்காவுக்குக் கொஞ்சம் சொல்லி வைக்கலாம் என்று, போன வருடம் நவம்பரில் வந்த டி.என்.ஏ. ஆய்வைத் திறந்தேன்.

பொம்பெய்யில் செத்தவர்களின் பிளாஸ்டர் உருவங்களைப் பற்றியது அது. முதலில் அந்த உருவங்கள் எப்படி வந்தன என்று சொல்ல வேண்டியிருந்தது. எரிமலை சீறிய முதல் நாள் கொட்டியது லேசான நுரைக்கல். கூரைகள் அந்தப் பாரத்தில் இடிந்தன. அடுத்த நாள் காலை, கொதிக்கும் சாம்பலும் வாயுவுமாகத் தரையோடு பாய்ந்து வந்தது. மிச்சமிருந்தவர்கள் அதில் போனார்கள். மெல்லிய சாம்பல் உடம்பைச் சுற்றி இறுகிவிட, உள்ளே சதை மக்கிப்போய் ஆள் வடிவத்தில் வெற்றிடமும் எலும்பும் மட்டும் மிஞ்சின. 1863-இல் ஜுசெப்பே ஃபியொரெல்லி அந்தப் பொந்துகளுக்குள் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் சுற்றியிருந்த சாம்பலைத் தட்டி எடுத்தார்.

"மாவுக்கட்டு மாவு!" என்றாள் அக்கா. 34 வருடம் நர்ஸாக இருந்தவள், அதில் பாதிக்கு மேல் தீக்காய வார்டு.

அந்த மாவோடு சேர்ந்து இறுகிய எலும்புத் துண்டுகளில்தான் டி.என்.ஏ. எடுத்திருக்கிறார்கள். பராமரிப்புப் பணிக்காக எடுத்து வைத்த 86 வார்ப்புகளில் 14-இலிருந்து மாதிரி எடுத்ததில், முழுதாகப் பயன்பட்டவை சிலதான். அந்தச் சிலதே போதுமாக இருந்தது.

"பொன் வளையல் வீடு" என்று ஒன்று. 1974-இல் அங்கே நான்கு பேர் கிடைத்தார்கள். ஒருவர் கையில் கனத்த தங்கக் காப்பு, மடியில் குழந்தை. உடனே கதை தயாராகிவிட்டது: இவள் தாய், அது அவள் பிள்ளை, பக்கத்தில் கிடப்பவர் தகப்பன், மற்றது இன்னொரு பிள்ளை. அரை நூற்றாண்டாகச் சுற்றுலா வழிகாட்டிகள் இந்தக் கதையைச் சொல்லிக் கண்கலங்க வைத்திருக்கிறார்கள். நானே ஒரு வார இதழில் படித்துக் கலங்கியிருக்கிறேன். இப்போது பார்த்தால் காப்புப் போட்டவர் ஆண். மடியில் இருந்த குழந்தைக்கும் அவருக்கும் ரத்த உறவே இல்லை.

இன்னொரு வீட்டில் கட்டிப்பிடித்தபடி இரண்டு பேர். தாயும் மகளும் என்றார்கள், அக்கா தங்கை என்றார்கள், "இரு கன்னியர்" என்று பெயரே வைத்தார்கள். அதில் ஒருவர் ஆண்.

போதாததற்கு, பழைய காலத்தில் வார்ப்புகளைச் செப்பனிட்டவர்களே கையைக் காலை மாற்றி, பார்க்கிறவருக்கு இன்னும் உருக்கமாக இருக்கும்படி சரிசெய்திருக்கிறார்கள் என்றும் அந்தக் கட்டுரை சொல்கிறது. இங்கே எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

அக்காவுக்குக் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. "தூக்கிட்டு வந்தவ எல்லாம் அம்மாவா? ஒரு தடவை குடிசை எரிஞ்சு வந்த கேஸ். ஒருத்தி குழந்தையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வந்தா, விடவே மாட்டேங்கிறா. நான் நோட்டுல 'தாய்'னு எழுதிட்டேன். மறுநாள் பெத்தவ வந்து நிக்கிறா. இவ எதிர்வீட்டுக்காரி. நோட்டுல அடிச்சுத் திருத்துனேன்."

அப்புறம் சொன்னாள்: "காப்பு போட்டிருந்தா பொம்பளைன்னு எவன் சொன்னான்? நம்ம தாத்தா கையில என்ன இருந்துச்சு?"

17 அக்டோபர், வெள்ளி (பொம்பெய்)

இன்றைக்கு வேண்டுமென்றேதான் போனேன். 2018-இல் இங்கே ஒரு வீட்டுச் சுவரில் கரிக்கட்டையால் கிறுக்கிய ஒரு வரி கிடைத்தது. நவம்பர் முதல் தேதிக்குப் பதினாறு நாள் முன் என்று தேதி போட்டிருந்தது. ரோமர்கள் இரண்டு முனையையும் சேர்த்து எண்ணுவார்கள், அப்படி எண்ணினால் அக்டோபர் 17. வெடித்தது ஆகஸ்ட் 24 என்றுதான், அதை நேரில் பார்த்த ரோமர் இளைய பிளினியின் கடிதத்தை வைத்து எல்லாரும் எழுதி வந்தார்கள். கரி ரொம்ப நாள் நிற்காது, ஆகவே வெடித்தது அக்டோபர்தான் என்று அன்றைக்கு உலகம் முழுக்கச் செய்தி.

நானும் அப்போது நம்பினேன். மாதுளை, மூடி வைத்த மதுத் தாழி, குளிர்காயும் கணப்பு என்று இலையுதிர் காலத்துக்கான சாட்சிகள் ஏற்கெனவே வரிசையில் நின்றன. ஆனால் அந்தக் கிறுக்கலில் வருடம் இல்லை. மழை படாத சுவரில் கரி ஒரு வருடம் நிற்காதா? எங்கள் வீட்டுத் திண்ணையில் பால் கணக்கு எழுதிய கரி, வெள்ளையடிக்கும்வரை அப்படியேதான் இருந்தது. இதற்கு நடுவே பீடர் ஃபாஸ் என்பவர் பிளினியின் கைப்பிரதிகளை எல்லாம் உட்கார்ந்து ஒப்பிட்டு, நல்ல பிரதிகள் சொல்வது ஆகஸ்டைத்தான் என்று 2022-இல் எழுதிவிட்டார். கிறுக்கலின் வாசகத்திலும் தகராறு: ஒருவர் அளவுமீறிச் சாப்பிட்டதைச் சொல்கிறது என்கிறார், இன்னொருவர் எண்ணெய்க் கிடங்கு என்கிறார். இன்று காலை ரயிலில் வரும்போது நான் ஆகஸ்ட் கட்சிக்கு மாறிவிட்டேன்.

2020-இல் வெளிவந்த சாப்பாட்டுக் கடையைப் பார்த்தோம். கல்மேடையில் வட்ட வட்டமாகக் குழி, அதற்குள் பானை. மேடையின் முகப்பில் தலைகீழாகத் தொங்கும் இரண்டு வாத்துகளை வரைந்திருக்கிறார்கள். பானைக்குள் நிஜமாகவே வாத்து எலும்பு இருந்தது, கூடவே பன்றி, ஆடு, மீன், நத்தை. மதுப் பானையின் அடியில் பொடித்த மொச்சை, நிறத்தையும் ருசியையும் மாற்றுவதற்காம். "கலப்படம்" என்றாள் அக்கா.

ஒன்பதாம் வட்டாரத்தில் 2023-இல் தோண்டிய பேக்கரிப் பகுதிக்கு உள்ளே போக முடியவில்லை. எனக்கு ரொம்பப் பெரிய ஏமாற்றம் அதுதான். வெளியே போக வாசலே இல்லாத மாவாலை அது. ஜன்னல் சின்னது, அதற்கும் இரும்புக் கம்பி. கண்ணைக் கட்டிய கழுதைகளும் அடிமைகளும் அதற்குள். கழுதைகள் ஒன்றோடொன்று இடிக்காமல் சுற்றுவதற்காகத் தரைக்கல்லில் குழி செதுக்கியிருக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் நடமாடும் கூடத்தின் வழியாக மட்டும்தான் வெளியே வர முடியும்.

கடைசியாகத் தப்பியோடியவர்கள் தோட்டம். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக 13 பேர். பெரியவர்களும் குழந்தைகளும். பலருக்குக் கை மடங்கி முஷ்டி மேலே தூக்கியிருக்கிறது. எங்களுக்கு முன்னால் நின்றவர் தன் கூட்டத்துக்கு, சாம்பலைத் தள்ளிவிடப் போராடுகிறார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா என் காதருகே, "போராடவெல்லாம் இல்லை. சூட்டுல தசை சுருங்கினா கை இப்படித்தான் மடங்கும். செத்த பிறகும் மடங்கும். எத்தனை பார்த்திருக்கேன்" என்றாள். பிறகு கண்ணாடியிலிருந்து தள்ளிப்போய் ஒரு திட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு படம் எடுத்தேன். கீழே போட்டிருக்கிறேன்.

18 அக்டோபர், சனி (எர்கொலானோ)

அதே வெடிப்பில் புதைந்த ஹெர்குலேனியம் பொம்பெய்யைவிடச் சின்னது, எனக்கு அதைவிடப் பிடித்தது. மாடி நிற்கிறது, கரியாகிப்போன மரக்கதவு நிற்கிறது. பழைய கடற்கரையில் படகுக் கொட்டகைகளுக்குள் ஒண்டிய 300 பேர் அளவுக்கு எலும்புக்கூடுகள். அக்கா அங்கே இறங்கி வரவில்லை, நேற்றே போதும் என்றாள்.

அவளை இழுத்தது சுருள்கள்தான். 1750-களில் ஊருக்கு வெளியே ஒரு பெரிய மாளிகைக்குள் சுரங்கம் வெட்டிப் போனவர்கள், கரிக்கட்டை போல இருந்த பப்பைரஸ் சுருள்களை எடுத்தார்கள். பிரிக்கப் பிரிக்கப் பொடிந்தன. கென்டக்கி பல்கலைக்கழகத்து பிரென்ட் சீல்ஸ் இருபது வருடத்துக்கு மேலாக, பிரிக்காமலே படிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். எக்ஸ்ரேயால் படலம் படலமாகப் படம் எடுத்து, அதைக் கணினியில் விரிப்பது.

"சி.டி. ஸ்கேன்" என்றாள்.

அதேதான். ஆனால் கரியால் செய்த மை, கரியாகிப்போன தாள், இரண்டும் ஸ்கேனில் ஒன்றாகத் தெரியும். 2023-இல் படங்களை எல்லாருக்கும் திறந்துவிட்டுப் பரிசும் அறிவித்தார்கள். லூக் ஃபாரிட்டர் என்ற 21 வயது மாணவர் எழுதிய நிரல்தான் முதலில் ஒரு முழுச் சொல்லைக் காட்டியது: கிரேக்கத்தில் ஊதா நிறம். அடுத்த பிப்ரவரியில் அவரும் இன்னும் இருவரும் சேர்ந்து 2,000 எழுத்துக்கு மேல் படித்து 7,00,000 டாலர் வாங்கினார்கள். பேச்சு இன்பத்தைப் பற்றி. கிடைப்பதற்கு அரிதான பண்டம் அதிக இன்பம் தருமா என்று அதை எழுதிய தத்துவவாதி யோசிக்கிறார். இந்த வருடம் மே மாதம் ஆக்ஸ்ஃபர்டில் இருக்கும் இன்னொரு சுருளுக்குள் தலைப்பே தெரிந்துவிட்டது: கிரேக்கத் தத்துவவாதி ஃபிலோதெமஸ் எழுதிய "தீயொழுக்கங்கள் பற்றி".

வாசிக்க முடியாத இடத்தை இவர்கள் வெற்றிடமாகவே அச்சிடுகிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

19 அக்டோபர், ஞாயிறு

துணி துவைத்தோம். சாமான் கட்டினோம். அக்காவுக்கு முழங்கால் வலி.

இரவு ஒன்று சொன்னேன், அதை மட்டும் குறித்து வைக்கிறேன். பொம்பெய் மதிலுக்கு வெளியே சிவிதா ஜூலியானாவில் ஒரு மாளிகை. கொள்ளையர்கள் நிலத்தடியில் வளை தோண்டிச் சூறையாடிய இடம் அது. 2021-இல் அங்கே ஓர் அடிமை அறை கிடைத்தது. மொத்தம் 16 சதுர மீட்டர். கட்டில், கயிறு எல்லாம் மக்கி வெற்றிடமாகக் கிடந்ததில் அதே பிளாஸ்டரை ஊற்றி எடுத்தார்கள். மூன்று கட்டில். இரண்டு 1.7 மீட்டர் நீளம், ஒன்று 1.4 மீட்டர். ஜாடிகள், மலச்சட்டி, ஒரு பெட்டி. ஆள் யாரும் இல்லை.

சின்னக் கட்டில் பிள்ளைக்கானது, ஆகவே அது ஒரு குடும்பமாக இருக்கலாம் என்று அப்போதே எழுதினார்கள். எழுதியவர்கள் "இருக்கலாம்" என்று போட்டிருந்தார்கள். செய்தித்தாள்களில் அந்தச் சொல் பாதி வழியிலேயே விழுந்துவிட்டது.

அக்கா கட்டில் அளவைக் கையால் அறையில் அளந்து பார்த்தாள். ட்ரெயினிங் ஹாஸ்டலில் அவளுக்கு இருந்தது இதைவிடக் கொஞ்சம் பெரிது என்றாள்.

20 அக்டோபர், திங்கள் (விமான நிலையம்)

தீபாவளி. அதிகாலையில் அக்கா பையிலிருந்து ஒரு குட்டிப் பாட்டில் நல்லெண்ணெய் எடுத்தாள், ஊரிலிருந்து எனக்குத் தெரியாமல் கொண்டுவந்திருக்கிறாள். உச்சியில் ஒரு சொட்டு வைத்துவிட்டாள். இனிப்புக்கு நேற்று வாங்கிய ஸ்ஃபோலியத்தெல்லா. ஆறிப்போய் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

விமானத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்ததால் அக்கா இந்த நாட்குறிப்பை முதலிலிருந்து படித்தாள். 17-ஆம் தேதிப் படத்தில் நிறுத்திப் போனை என்னிடம் நீட்டினாள். நான் படத்துக்குக் கீழே "கடைசி நொடியில் பிள்ளைகளை அணைத்துக்கொண்ட தாய்" என்று எழுதியிருந்தேன். முந்தின நாள்தான் அந்த ஆய்வைப் பக்கம் பக்கமாக அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தேன்.

"நோட்டுல அடிச்சுத் திருத்து" என்றாள்.

திருத்திவிட்டேன். இப்போது "13 பேர், தென்கிழக்கு மதில் ஓரம்" என்று இருக்கும்.