43 விழுக்காட்டில் கேட்ட கேள்வி

“தம்பி, ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடட்டுமா? லாரியெல்லாம் வெளியே நிக்குது” என்று சேதராப்பட்டுத் தொழிற்சாலையின் கிடங்குப் பொறுப்பாளர் தொலைபேசியில் கேட்டபோது, அங்கே பில் போடும் சர்வரில் இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னல் விழுந்து, காரணம் கண்டறிவதற்காக இரண்டாவது கெர்னல் ஒன்று எழுந்து, நினைவகத்தில் இருந்ததை டம்ப் என்ற நகலாக வட்டில் எழுதிக்கொண்டிருந்தது. திரையில் 43 விழுக்காடு. “வேண்டாம் சார், கொஞ்சம் பொறுங்க” என்றேன். அந்தப் பதிலை இன்றும் மனத்துக்குள் புரட்டிப் பார்க்கிறேன்.

இந்த இரண்டாவது கெர்னலுக்கென நினைவகத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைப்பது கிராஷ்கெர்னல் என்ற பூட் பாராமீட்டர், அதாவது கணினி எழும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் அமைப்பு. அதில் 256 எம்பிக்குப் பதிலாக 512 எம்பி வேண்டும் என்று வாதாடியவன் நான். சும்மா கிடக்கப்போகும் நினைவகம் எதற்கு என்று மேலாளர் கேட்டது நியாயமே. முதல் கெர்னல் அந்த இடத்தைத் தொடவே முடியாது. ஆனால் கெர்னலுக்கு நேரடியாக ஆணையிடும் சிஸ்ஆர்க்யூ வசதி வழியாக நாங்களே கெர்னலை விழவைத்துச் சோதித்தபோது, வட்டுகளை இயக்கும் நிரல்களான ஸ்டோரேஜ் டிரைவர்களை ஏற்றும்போதே 256 எம்பி போதாமல் இரண்டாவது கெர்னல் நின்றுபோனது. அப்படி நின்றால் டம்பும் கிடைக்காது, காரணமும் தெரியாது.

தாமதத்துக்கும் ஒரு பாராமீட்டர்தான் காரணம். என்ஆர்_சிபியூஸ்=1 என்று கொடுத்து, இரண்டாவது கெர்னலை ஒரே செயலியோடு எழுப்புகிறோம். நினைவகம் மிச்சமாகும், சிக்கலின்றி எழும். ஆனால் நினைவகத்தின் வெற்றுப் பக்கங்களையும் பயனர் நிரல்களின் பக்கங்களையும், டம்பை வடிகட்டும் கருவியான மேக்டம்ப்ஃபைல் விலக்கிய பிறகும், மிஞ்சியதைச் சுருக்கி எழுதும் சுமை முழுவதும் அந்த ஒற்றைச் செயலியின் தலையில்தான் விழுகிறது.

உறுத்துவது வேறொன்று. முழு டம்ப் தொடங்கும் முன்பே கெர்னலின் பதிவுகள் தனியே ஒரு சிறு உரைக் கோப்பாகச் சேமிக்கப்பட்டுவிட்டன. விழுந்த இடமும் ஃபங்ஷன்களின் அழைப்பு வரிசையும் அதில் இருக்கும். அதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தேன். சொல்லியிருந்தால் உடனே பொத்தானை அழுத்தியிருப்பார். அரைகுறைக் கோப்பு மட்டும் மிஞ்ச, நினைவகத்தில் இருந்தது அழிந்திருக்கும்.

பிறகு அந்த உரைக் கோப்பில் நெட்வொர்க் டிரைவரின் பெயர் தெளிவாக இருந்தது. டிரைவரை எழுதியவர்கள் முழு டம்பைக் கேட்டார்கள், அதைப் பார்த்த பின்னரே திருத்தம் தந்தார்கள். ஆகவே காத்திருந்தது வீணில்லை. ஆனால் பெயர் தெரிந்ததே போதுமென்று அன்றே டிரைவரின் பழைய பதிப்புக்குத் திரும்பியிருக்கலாம், ஓட்டுநர்கள் பில்லுக்காக வெயிலில் நின்றிருக்க வேண்டியதில்லை என்பதும் உண்மைதானே.

அண்மையில் அந்தப் பொறுப்பாளர் கேட்டதன்பேரில், கெர்னல் விழுந்தால் செய்ய வேண்டியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக்கொடுத்தேன். எவ்வளவு நேரம் பொறுப்பது என்ற வரியில், விடுமுறை நாளென்றால் டம்ப் முடியும்வரை என்று குறித்தேன். வேலை நாளுக்கான இடத்தை அவரே நிரப்பட்டும் என்று விட்டிருக்கிறேன், அவரும் இன்னும் நிரப்பவில்லை.