ஜார்ஜ் டவுன் நடை: ஜனவரி நாட்குறிப்பு

ஜனவரி 5, 2025, ஞாயிறு

சென்னை ஜார்ஜ் டவுனின் பழைய கட்டடங்களைப் பார்க்கும் நடை இது. கூடும் இடம் உயர் நீதிமன்றம் மெட்ரோ வாசல், காலை 6.30. இந்த மாதம் சூரியன் எழுவதே ஏறக்குறைய அந்த நேரத்துக்குத்தான். ஞாயிறு என்றால் ஷட்டர்கள் இறங்கியிருக்கும், டெம்போவும் மீன்பாடி வண்டியும் குறைவு, நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். டவுனில் பார்க்கத் தகுந்ததெல்லாம் பத்தடிக்கு மேலேதான் இருக்கிறது. கீழ்த்தளத்துத் திண்ணையும் தூணும் கடைகளுக்குப் போய்விட்டன. மாடியில் சுதை வேலைப்பாடும் மரக் கிராதியும் அப்படியே நிற்கின்றன, பெயர்ப்பலகைக்குப் பின்னால் பாதி மறைந்து.

ஒரு குழுவுக்குப் பதினைந்து பேர் போதும். அதற்கு மேல் போனால் கடைசியில் நிற்பவருக்கு ஆட்டோ ஹாரன்தான் கேட்கும்.

முதல் நிறுத்தம் பாரிமுனை, டேர் ஹவுஸ். 1940இல் முடிந்த ஆர்ட் டெக்கோ கட்டடம் என்பதால் எல்லாருடைய போனும் மேலே திரும்புகிறது. கீழே, அதன் ஓரத்தில் நிற்கும் எல்லைத் தூணை யாரும் கவனிப்பதில்லை. 1773இல் நட்ட ஆறு தூண்களில் மிஞ்சியது இது ஒன்றுதான். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரின் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்து மூன்று வருஷம் வைத்திருந்த பிறகு, கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம், அதாவது உள்ளூர் மக்கள் வாழ்ந்த பகுதி, இடித்துத் தள்ளப்பட்டது. பீரங்கிக்குக் குறுக்கே வீடு நிற்கக் கூடாது என்பது கணக்கு. தூண்களுக்கும் கோட்டைக்கும் நடுவே எதுவும் எழும்பக் கூடாது என்று விதி. இடிபட்டதில் பட்டணம் கோயிலும் ஒன்று. அதற்கு மாற்றாகத்தான் வடக்கே சென்னகேசவப் பெருமாள், சென்ன மல்லீசுவரர் இரட்டைக் கோயில்கள் வந்தன. கோட்டைக்கும் தூண்களுக்கும் நடுவே விட்ட அந்தக் காலி நிலத்தில் பின்னால் எழுந்தது உயர் நீதிமன்றம்.

வழிகாட்டுபவர்கள் இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நாம் நடக்கப்போகிற டவுன், பழையது இடிபட்ட பின் வடக்கே வளர்ந்த இரண்டாவது ஊர் என்று தெரியாமல் உள்ளே போனால், தம்பு செட்டி தெருவும் லிங்கி செட்டி தெருவும் ஏன் வடக்கு தெற்காக இணையாக ஓடுகின்றன என்பது பிடிபடாது.

ஜனவரி 8, புதன்

ராஜாஜி சாலை. கடலைப் பார்த்த கட்டடங்கள், அதனால் காலை எட்டு மணிக்குள் வெயில் நேராக முகப்பில் விழும். பத்து மணிக்கு மேல் செங்கல்லின் ஆழம் தெரியாது, படம் தட்டையாக வரும். கட்டடக் கலைஞர் சிஷோம் வடிவமைத்த தலைமைத் தபால் நிலையம் 1884இல் திறந்தது. அதே சாலையில் ஸ்டேட் பேங்க் கட்டடம், ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியார்.

உயர் நீதிமன்றத்துக்குள் நடைக்குழுவாக நுழையலாம் என்று நம்பி வராதீர்கள். பாதுகாப்பு கெடுபிடி அதிகம். சாலையிலிருந்தே பார்க்க நிறைய இருக்கிறது: 1892இல் திறந்த கட்டடம், 1894இல் அதன் உயரமான கோபுரத்தில் ஏற்றிய கலங்கரை விளக்கு, அதே வளாகத்தில் 1844ஆம் ஆண்டின் கல்தூண் விளக்கு. மெரினாவுக்கு விளக்கு போனது 1977இல்.

ஜனவரி 12, ஞாயிறு

அரண்மனைக்காரன் தெரு. செவ்வாய்க்கிழமை இந்தப் பக்கம் வேண்டாம், அந்தோணியார் கோயில் கூட்டத்தில் நிற்கவே இடமிருக்காது. அதேபோல் வெள்ளிக்கிழமை காளிகாம்பாள் கோயில் பக்கம்.

ஆர்மீனியத் தேவாலயம் 1772இல் கட்டியது. காலை ஏழு மணிக்குக் கதவு திறந்திருக்காது, ஆகவே இதைக் கடைசி நிறுத்தமாக வையுங்கள். மணிக்கூண்டு தனியாக நிற்கிறது, உள்ளே ஆறு மணிகள். உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794இல் வெளிவந்தது இந்த ஊரில்தான்.

இங்கே நேரம் எடுத்துக்கொள்ள வேண்டியது சுவரைப் பார்க்க. டவுனின் பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்துப் பூசுவார்கள். மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் சேர்த்து வழுவழுப்பான கல்லால் தேய்த்தால் சலவைக்கல் போல மின்னும். இந்தச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கும், வெளியே விடும். தரையோரம் ஈரம் தெரிகிறதே என்று மூன்றடிக்கு சிமென்ட் பூசுகிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் சிமென்டுக்கு மேலே ஏறி, நாலாவது அடியில் உப்பு பொரிகிறது. உடனே அங்கேயும் சிமென்ட். நாலைந்து வருஷத்தில் பூச்சு பாளமாக விழும்போது செங்கல்லின் முகமும் மாவாக உதிர்ந்து கூடவே வரும். மாற்று வழி ஒன்றுதான்: சிமென்டைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, மறுபடி சுண்ணாம்பு. செலவைவிடக் காத்திருப்பதுதான் வீட்டுக்காரர்களுக்குக் கசக்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

பவழக்காரத் தெரு. வீட்டுக்காரர் அனுமதித்தால் மட்டும் உள்ளே, ஐந்து ஐந்து பேராக. செருப்பு வாசலில். உள்ளே போனதும் கண் முற்றத்துக்குப் போகும். முதலில் தலைக்கு மேலே பாருங்கள்.

மெட்ராஸ் டெரஸ் என்கிற மரக்கட்டை, செங்கல், சுண்ணாம்புத் தட்டைக் கூரையை இப்படித்தான் போடுவார்கள். தேக்குக் கட்டைகளை ஏறக்குறைய ஒன்றரை அடிக்கு ஒன்றாக வைப்பார்கள். அதன்மேல் ஒரு அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக, மூலைவாட்டமாக நிறுத்துவார்கள். மூலையிலிருந்து தொடங்குவதால் ஒவ்வொரு வரிசையும் முந்தையதைப் பிடித்துக்கொண்டு நிற்கும், கீழே முட்டு தேவையில்லை. பிறகு மூன்று அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கட்டை பதியாமல் எகிறினால் தளம் இறுகிவிட்டது என்று பொருள். கடைசியில் தட்டோடு. தேக்குக் கட்டை தாங்குகிற தூரம்தான் அறையின் அகலம். பழைய வீடுகளில் அறைகள் பத்து, பன்னிரண்டு அடியோடு நிற்பதற்கு அதுவே காரணம்.

சேதம் பெரும்பாலும் கட்டையின் நடுவில் தொடங்குவதில்லை. சுவருக்குள் புதைந்த முனைதான் முதலில் போகும். மாடித் தண்ணீர் போகும் குழாய் அரச இலையால் அடைபட்டு, ஐப்பசி மழை தேங்கி, சுவருக்குள் இறங்கி முனையை உளுத்துப்போக வைக்கும். பிறகு கரையான். கீழிருந்து பார்த்தால் கட்டை பளபளவென்றுதான் இருக்கும். சுவரோரம் வட்டமாகப் பழுப்புக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஒழுகுகிறது என்று மேலே இன்னொரு சிமென்ட் தளம் போட்டால் பாரம் கூடும், ஒழுகல் நிற்காது. முனை மட்டும் போயிருந்தால் சுவரையொட்டிக் குறுக்கே ஓர் இரும்பு விட்டம் கொடுத்துத் தாங்கலாம், கூரையைப் பிரிக்க வேண்டாம். இதைத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது, அதனால்தான் இடிக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு குடியரசு தினம், நடை கிடையாது. பிப்ரவரி 2 அன்று இரட்டைக் கோயிலிலிருந்து மின்ட் தெரு வரை. தண்ணீர் கொண்டுவாருங்கள், கழிப்பறை மெட்ரோ நிலையத்தை விட்டால் வழியில் நம்பும்படி இல்லை.