யாரும் எடுக்காத ஆள்

ஐஸ் ஹாக்கி பார்க்க ஆரம்பித்தால் மார்ட்டின் சான் லூயி கதையில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் கட்சி. 1975இல் கியூபெக்கின் லவாலில் பிறந்தவர், உயரம் 5 அடி 8 அங்குலம்தான், மலை மாதிரி ஆட்கள் வந்து மோதுகிற ஆட்டத்தில் இந்த உயரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று நினைத்தார்களோ என்னவோ, என்எச்எல் (வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்) டிராஃப்டில், அதாவது அணிகள் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற நிகழ்வில், ஒரு அணிகூட அவர் பெயரைச் சொல்லவில்லை. எப்படியோ கால்கரி அணிக்குள் நுழைந்தார். 2000இல் அவர்களும் கழற்றிவிட்டார்கள். சரி என்று டாம்பா பே அணிக்குப் போனார்.

அப்புறம்தான் வேடிக்கை. 2004 ஸ்டான்லி கோப்பை (என்எச்எல் சாம்பியன் கோப்பை) இறுதி, எதிரணி அதே கால்கரி! ஏழு ஆட்டத் தொடரில் கால்கரி 3-2 என்று முன்னிலை, ஆறாவது ஆட்டம் அவர்கள் சொந்த ஊரில், இன்னொன்று ஜெயித்தால் கோப்பை கையில். இரண்டாவது கூடுதல் நேரம் (முதலில் கோல் போடுகிற அணி ஜெயிக்கும்) தொடங்கி 33 விநாடி, தெறித்து வந்த பந்தை (பந்து இல்லை, ரப்பர் வட்டு, பழக்கதோஷம்) வலைக்குள் தட்டிவிட்டார் நம்மாள். அரங்கமே கப்சிப். ஏழாவது ஆட்டத்தையும் டாம்பா ஜெயித்தது, கோப்பையும் அவர்களுக்கே.

37 வயதில் லீக்கிலேயே அதிகப் புள்ளி (கோலும், கோலுக்கு உதவியதும் சேர்த்து). 2015இல் ஓய்வு, 2018இல் ஹாக்கி சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்.

2022 பிப்ரவரியில் லீக்கில் கடைசி இடத்தில் கிடந்த மான்ட்ரியல் அணி அவரைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டபோது, அதுவரை அவர் பயிற்சி கொடுத்திருந்தது தன் பையன்கள் ஆடிய சிறுவர் அணிகளுக்குத்தான். பலர் சிரித்தார்கள். 2025இல் அந்த அணி பிளேஆஃபுக்கு (கோப்பைக்கான நாக்அவுட் சுற்றுகளுக்கு) போனது, முதல் சுற்றிலேயே வாஷிங்டனிடம் தோற்றது வேறு விஷயம்.